தெருவோடு சேர்ந்த வீடு: லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங் இல்ல நூதனசாலையும் மலையகத்துக்கான சில கேள்விகளும்

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை முன்னிட்டு 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. அதற்குப் பிறகு, நமது கூத்துக் கலைஞர்களுக்கும், தப்பு என்ற பறையை அடிக்கும் கலைஞர்களுக்கும் ஒரு நினைவில்லம் வேண்டும் என்ற பேச்சு அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் ஒரே உருவத்தில்தான் போய் முடிகிறது: மாலை போட்ட படம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தப்பு, வாசலில் திறந்து வைத்தவரின் பெயர் பெரிதாகவும் கலைஞரின் பெயர் சிறிதாகவும் பொறித்த கல். அப்படி ஓர் அறையைக் கட்டிவிடலாம். ஆனால் அதைச் சுற்றி, லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழும் மக்களுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

அந்தக் கேள்வியை முன்வைத்துப் பார்ப்பதற்கு, நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் கொரோனா என்ற குடியிருப்பில் உள்ள லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங் இல்ல நூதனசாலையை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். உலகப் புகழ் பெற்ற ஜாஸ் கலைஞரின் வீட்டை நமது தோட்டங்களோடு ஒப்பிடுவது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். புகழிலும் பணத்திலும் பொருந்தாது. ஆனால் அந்த வீடு மாளிகை அல்ல. உழைக்கும் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு தெருவில், பக்கத்து வீடுகளின் உயரத்திலேயே நிற்கும் வீடு. அது நூதனசாலையாகி 20 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், அயலவரோடு அது கொண்ட உறவின் நன்மை தீமை இரண்டையும் இப்போது நிதானமாகப் பார்க்க முடிகிறது.

வீடும் தெருவும்

ஆம்ஸ்ட்ரோங் 1901இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் வறுமையில் பிறந்தவர். 1943க்கு முந்திய ஆண்டுகளில் நிலையான வீடு என்று சொல்லும்படியான ஒன்று அவருக்கு இருக்கவில்லை. ஹோட்டல்களிலும் ரயில்களிலும் கழிந்த வாழ்க்கை அது. அவர் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, மனைவி லூசில் கொரோனாவின் 107ஆவது தெருவில் இந்த வீட்டை வாங்கி, தளபாடங்களும் போட்டுத் தயாராக வைத்திருந்தார். பயணம் முடிந்து டாக்ஸியில் வந்து இறங்கிய கணவர், வீட்டைப் பார்த்ததும் நம்ப முடியாமல், சாரதியைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டே கதவைத் தட்டினார் என்ற கதை பலராலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அன்று உள்ளே போனவர் 1971 ஜூலை 6 அன்று அதே வீட்டில் உறக்கத்தில் இறக்கும் வரை, 28 ஆண்டுகள், முகவரியை மாற்றவே இல்லை. வசதி வந்த பிறகு பெரிய இடத்துக்குப் போகும் வாய்ப்பு அவருக்கு இல்லாமல் இருக்கவில்லை.

ஆண்டின் பெரும்பாலான நாட்களைப் பயணத்திலேயே கழித்த அவர், ஊர் திரும்பியதும் வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். தெருப் பிள்ளைகள் ஓடிவந்து பெட்டிகளையும் ட்ரம்பெட்டையும் உள்ளே தூக்கிச் செல்வார்கள். பிறகு அவரோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் கௌபோய் படங்கள் பார்ப்பார்கள். வாசற்படியில் பிள்ளைகள் சூழ அவர் ட்ரம்பெட்டோடு அமர்ந்திருக்கும் புகைப்படம்தான் அந்த வீட்டைப் பற்றி இன்று மிக அதிகமாக அறியப்படுவது. வீட்டின் முகப்புக்குச் செங்கல் பதித்தபோது, தன் வீடு மட்டும் எடுப்பாகத் தெரியக்கூடாது என்று, விரும்பினால் உங்கள் வீடுகளுக்கும் பதித்துத் தருகிறேன் என்று அயலவரிடம் கேட்டுப் பார்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. அது எவ்வளவு துல்லியமானது என்பது இங்கே முக்கியமில்லை. அந்தத் தெரு அவரைப் பற்றி எந்தக் கதையைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இதைச் சார்ந்தே நிற்கிறது. ஒரு கலைஞரின் வீடு, அவர் உயிரோடு இருந்தபோது அயலுக்கு எதைக் கொடுத்ததோ அதையே ஏதாவது ஒரு வடிவில் தொடர்ந்து கொடுக்கும்போதுதான் அயலுக்குப் பயன்படும் நூதனசாலை ஆகிறது. அப்படித் தொடர வேண்டுமானால் வீட்டின் உரிமை யாரிடம் என்ற கேள்வி முதலில் தீர்ந்திருக்க வேண்டும்.

கைமாறிய விதம்

நூதனசாலைகளைப் பற்றிய எழுத்துகள் பொதுவாகத் திறப்பு விழாவிலிருந்து தொடங்குகின்றன. நமக்கு வேண்டியது அதற்கு முந்திய கதை.

ஆம்ஸ்ட்ரோங்கும் லூசிலும் 1969இலேயே ஒரு கல்வி அறக்கட்டளையை நிறுவியிருந்தார்கள்; அவருடைய இசைத்தட்டுகளின் உரிமைத்தொகை அதன் நிதியாதாரம். கணவர் இறந்த பிறகும் 12 ஆண்டுகள் லூசில் அந்த வீட்டிலேயே வாழ்ந்தார். 1976இல் வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1983இல் லூசில் இறந்தபோது வீட்டையும் அதிலிருந்த பொருட்களையும் நியூயோர்க் நகரத்துக்கு எழுதி வைத்திருந்தார். நகரம் உரிமையாளர், குயீன்ஸ் கல்லூரி நிர்வாகி, அறக்கட்டளை துணை. மூன்று பேரின் பொறுப்பும் ஒன்றையொன்று தாங்கும்படி அமைந்தது. 1988இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலிலும் வீடு சேர்ந்தது. கல்லூரியில் ஒழுங்குபடுத்தப்பட்ட ஆவணக் காப்பகம் 1994இல் திறக்கப்பட்டது. வீட்டுக்குள் பொதுமக்கள் நுழைந்தது 2003 ஒக்டோபரில்தான்.

லூசிலின் மரணத்துக்கும் திறப்புக்கும் இடையில் 20 ஆண்டுகள். தாமதம்தான், ஆனாலும் அந்த 20 ஆண்டுகளில் பொருட்கள் சிதறவில்லை. சட்டப்படியான உரிமையாளர் இருந்தார், பட்டியல் போடும் கைகள் இருந்தன. நமது தோட்டங்களில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தைப் பழக்கும் மாஸ்டர் ஒருவர் இறந்தால், கருமாதி முடிவதற்குள் அவருடைய தப்பு ஒருவர் கைக்கும் சலங்கை இன்னொருவர் கைக்கும் போய்விடும். பாட்டுக் கொப்பி அலுமாரிக்கு மேலே ஈரம் பிடித்துக் கிடந்து ஒருநாள் அடுப்புக்குப் போகும். யாரையும் குறை சொல்ல முடியாது. காம்பரா எனப்படும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் போதாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டை வாங்கியவர், அதை அலங்கரித்தவர், காத்தவர், கடைசியில் நகரத்துக்கு எழுதி வைத்தவர் எல்லாம் லூசில். பெயர்ப்பலகையில் கணவர் பெயர் இருந்தாலும், நூதனசாலையாக அந்த வீடு பிழைத்திருப்பது ஒரு பெண்ணின் காரியம்.

உள்ளே என்ன இருக்கிறது, வெளியே என்ன நடக்கிறது

வீட்டுக்குள் சிறு குழுக்களாக, ஒரு வழிகாட்டியோடுதான் போக முடியும். நீல நிறச் சமையலறை, கண்ணாடி பதித்த குளியலறை, ஒலிப்பதிவுக் கருவிகளோடு கூடிய அவருடைய அறை எல்லாம் அவர்கள் விட்டுச் சென்ற நிலைக்கு மிக நெருக்கமாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த வீட்டின் மிகப் பெரிய செல்வம் கண்ணுக்குத் தெரியாதது. ஆம்ஸ்ட்ரோங் வீட்டில் ஒலிநாடாவை ஓடவிட்டே வாழ்ந்தவர்: சாப்பாட்டு மேசைப் பேச்சு, நண்பர்களோடு அடித்த அரட்டை, தனியாகச் செய்த சாதகம் எல்லாவற்றையும் பதிந்தார். அப்படிச் சேர்ந்த நூற்றுக்கணக்கான ஒலிநாடாக்களின் பெட்டிகளில் வெட்டி ஒட்டிய படங்களால் அவரே ஓவியம்போல் ஏதேதோ செய்து வைத்திருக்கிறார். சுற்றிப் பார்ப்பவர்கள் நிற்கும் அறைகளிலேயே அந்தப் பதிவுகளிலிருந்து சில துண்டுகள் ஒலிக்கவிடப்படுகின்றன. சாப்பாட்டு அறையில் நிற்கும்போது அவருடைய கரகரத்த குரல் அங்கேயே கேட்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த எந்தப் பொருளும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

இதெல்லாம் தூரத்திலிருந்து வருபவர்களுக்கு. அயலவருக்கு என்ன?

வீட்டை ஒட்டி இருந்த காணியையும் வாங்கி ஆம்ஸ்ட்ரோங் தம்பதி அமைத்த தோட்டத்தில் கோடைக் காலத்தில் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. தெருவில் நின்றாலே இசை கேட்கும் தூரம்தான். பிள்ளைகள் வாசற்படியில் பெற்றதன் தொடர்ச்சியாக இதைப் பார்க்கிறேன். அதே குடியிருப்பின் ஆரம்பப் பாடசாலையும், பக்கத்துக் குடியிருப்பின் இடைநிலைப் பாடசாலையும் ஆம்ஸ்ட்ரோங்கின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் நூதனசாலைக்குப் போவதற்கு முன்பே அறிமுகமான பெயர்.

அடுத்த வீட்டில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த செல்மா என்ற பெண்மணியின் கதை இன்னும் முக்கியமானது. ஆம்ஸ்ட்ரோங் தம்பதியின் நெருங்கிய தோழியான அவர், நூதனசாலை திறந்த பிறகும் அதன் நிகழ்ச்சிகளுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணால் பார்த்த கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். 2011இல் அவர் இறந்த பிறகு அவருடைய வீடும் நூதனசாலையோடு சேர்ந்தது. இன்று அது செல்மாவின் இல்லம் என்றே அழைக்கப்படுகிறது. அயலவர் ஒருவர் தன் வீட்டையே கொடுக்கும் அளவுக்கு ஒரு நிறுவனத்தை நம்பினார் என்றால், பார்வையாளர் எண்ணிக்கையைவிட அது வலுவான சான்று.

மூன்றாவது விடயம் ஆவணக் காப்பகம். ஏறக்குறைய மூன்று பத்தாண்டுகள் அது கல்லூரி வளாகத்தில் இருந்தது. 2023 ஜூலை 6 அன்று, ஆம்ஸ்ட்ரோங்கின் நினைவு நாளில், வீட்டுக்கு நேர் எதிரே 14,000 சதுர அடியில் ஆம்ஸ்ட்ரோங் நிலையம் திறக்கப்பட்டு, சுமார் 60,000 பொருட்களைக் கொண்ட காப்பகம் அவர் வாழ்ந்த தெருவுக்கே வந்து சேர்ந்தது. உள்ளே 75 பேர் அமரும் சிறு அரங்கமும் இருக்கிறது. செலவு சுமார் 26 மில்லியன் டொலர் என்று சொல்லப்பட்டது. அதே ஜூலையில்தான் நமது நடைபயணமும் தலைமன்னாரிலிருந்து கிளம்பியது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பயணத்தில் பாடப்பட்ட பாட்டுகளின் ஒலிப்பதிவுகள் எங்கே வைக்கப்பட வேண்டும் என்று யாராவது கேட்டால், நம்மிடம் சுட்டிக்காட்ட ஒரு தெருவும் இல்லை.

குறைகளும் உண்டு

இந்த வீட்டை மெச்சிக்கொண்டே போனால் ஆய்வு விளம்பரமாகிவிடும். ஆம்ஸ்ட்ரோங் காலத்தில் கறுப்பினத்தவரும் இத்தாலிய வம்சாவளியினரும் கலந்து வாழ்ந்த கொரோனாவில் இன்று ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களே பெரும்பான்மை. அவரை நேரில் அறிந்தவர்கள் மிகச் சிலராகிவிட்டனர். வாடகையும் வேலையும் வதிவிட ஆவணமும் தலைக்கு மேல் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு, தெருமுனையில் இருக்கும் ஜாஸ் கலைஞர் வீடு தங்களுடையது என்று தோன்றுவது தானாக நடக்காது. வெளிநாட்டவர் டிக்கட் வாங்கி உள்ளே போவதையும், தாங்கள் அதே கதவைக் கடந்து வேலைக்குப் போவதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். சிறு அறைகளுக்குள் சிலரை மட்டுமே அனுமதிக்க முடிகிற வீட்டு நூதனசாலை எதுவும் இந்தச் சிக்கலிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. எதிரே நிலையம் கட்டியதன் பெரிய நன்மையே இதுதான் என்று நினைக்கிறேன்: வீட்டை நெரிக்காமல் அயலவர் கூட ஓரிடம் கிடைத்தது.

நிதியும் அப்படித்தான். உரிமைத்தொகையில் இயங்கும் அறக்கட்டளை, நகரத்தின் சொத்து, கல்லூரியின் நிர்வாகம் என்ற மூன்று கால்களில் எந்த ஒன்றும் நமது கூத்து மாஸ்டருக்குக் கிடையாது. அந்தச் செலவுக் கணக்கை இங்கே பெயர்த்து நட முயல்வது வீண்.

மலையகத்தில் வைத்துப் பார்த்தால்

நம்மிடம் நூதனசாலைகள் இல்லாமல் இல்லை. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலையாகியது. இயந்திரங்களும், இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுகளும் அங்கே அழகாக வைக்கப்பட்டிருக்கின்றன. டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துரையில் அவர் குடியிருந்த இடத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. ஒரு துரையின் குடிசைக்குக் கிடைத்த மரியாதை ஒரு தப்புக்காரரின் காம்பராவுக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல நான் தயங்கவில்லை. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் 2007 முதல் பழைய லயத்திலேயே இயங்கும் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைதான் நமக்குக் கிடைத்த நேரடி முன்மாதிரி. லயக் காம்பராவே காட்சிப் பொருளாகவும் காட்சியிடமாகவும் இருக்கலாம் என்பதை அது காட்டிவிட்டது.

ஆனால் ஒரு கலைஞரின் வீடு என்று வரும்போது முதல் தடை காணியிலேயே வருகிறது. லூசிலால் எழுதி வைக்க முடிந்தது, ஏனென்றால் வீடு அவருடையது. லயக் காம்பரா மாஸ்டருடையது அல்ல. காணி அரசுடையது, 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறிய பிறகு குத்தகையும் அவர்களிடம். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவராவது வீட்டில் இருந்தால்தான் குடியிருப்பு என்ற நடைமுறை பல இடங்களில் இன்றும் பேச்சளவிலாவது உயிரோடிருக்கிறது. அண்மைய வீடமைப்புத் திட்டங்களில் ஏழு பேர்ச் காணியோடு தனி வீடு பெற்ற குடும்பங்களின் நிலைமை வேறு. ஆனால் மாஸ்டர் வாழ்ந்து, பாடி, பிள்ளைகளைப் பழக்கிய இடம் அந்தப் புது வீடு அல்ல. குடும்பம் புது வீட்டுக்குப் போன பின் விடப்படும் பழைய காம்பரா இடிக்கப்படும் அல்லது விறகு அடுக்கும் இடமாகும். அந்த இடைவெளியிலேயே, இடிப்பதற்கு முன்னால், நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, காமன் கூத்து வீட்டுக்குள் வாழும் கலை அல்ல. மாசியில் காமன் ஊன்றி, ரதியும் மதனும் வேடங்கட்டி, தப்புச் சத்தத்தில் இரவிரவாக ஆடுவது காமன் பொட்டல் என்ற திறந்த வெளியில். ஒத்திகை நடப்பது லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பிலும் கோயில் வாசலிலும். ஆம்ஸ்ட்ரோங் வீட்டின் வாசற்படிக்கு நமது பக்கத்தில் நிகரானது இஸ்தோப்புதான். காம்பராவை மட்டும் பூட்டிப் பாதுகாத்து, இஸ்தோப்பிலும் பொட்டலிலும் பிள்ளைகள் கூடுவதைத் தடுத்தால், நடப்பது பாதுகாப்பு அல்ல. பொட்டலில் வாகனத் தரிப்பிடம் வரக்கூடாது என்பதையும் முதலிலேயே பேசி வைப்பது நல்லது. எல்ல, நானுஓயாப் பக்கம் சுற்றுலாவின் போக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் மிகை என்று தோன்றாது.

மூன்றாவது தடை நமக்குள்ளேயே இருக்கிறது. காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்கு எழுப்பவும் கோயிலுக்கும் கேத வீட்டுக்கும் தப்பு வேண்டும். தப்படிப்பவரின் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கியவர்களும் அதே லயத்தில் இருந்தார்கள். சாதியின் பெயரால் இந்தக் கலையை விட்டுவிட்ட இளைஞர்களும் உண்டு, விடச் சொன்ன தாய்மாரும் உண்டு. அந்த வீட்டை நூதனசாலையாக்கும்போது அயலின் ஒரு பகுதி மனம் ஒப்பாமல் நிற்கக்கூடும் என்பதை மறைத்துத் திட்டம் போட்டால் அது திறப்பு விழாவோடு முடிந்துவிடும். ஆம்ஸ்ட்ரோங்கும் நிறவெறியின் நாட்டில் வாழ்ந்த கறுப்பினக் கலைஞர்தான். 1957இல் கறுப்பினப் பிள்ளைகள் பாடசாலைக்குள் விடப்படாமல் தடுக்கப்பட்டபோது ஜனாதிபதியையே வெளிப்படையாகக் கண்டித்தவர். ஆயினும் அவருடைய தெரு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய தெரு. நமது மாஸ்டர்களுக்கு எல்லா இடத்திலும் அப்படி ஒரு தெரு வாய்த்தது என்று சொல்ல முடியாது.

பெண்களின் பாட்டுக்கோ வீடே கிடையாது. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து பறிக்கும்போது பாடியதும் யாருடைய காம்பராவில் வைக்கப்படும்? 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகச் சென்று, தானே இயற்றிய பாட்டுகளைத் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய மீனாட்சி அம்மையாரைப் போன்றவருக்கு, பொது மேடையே வீடு. கலைஞர் வீடு என்ற எண்ணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், ஆண் மாஸ்டர்கள் மட்டுமே நினைவில் நிற்பார்கள். ஒரு லயத்தின் ஒரு காம்பராவை மாஸ்டருக்கும் அடுத்த காம்பராவை அந்த லயத்துப் பெண்களின் குரல்களுக்கும் ஒதுக்குவது இதற்கு ஒரு வழி. செல்மாவின் இல்லம் அதற்கு ஒருவகை முன்னுதாரணம்.

செய்யக்கூடியது

மிகச் சிறியதாகவே தொடங்கலாம். ஒலிதான் முதல் வேலை, கட்டடம் பிறகு. உயிரோடு இருக்கும் மாஸ்டர்களையும் பாட்டிமாரையும் அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே பதிவுசெய்து, அந்தக் குரலை அதே இஸ்தோப்பில் கேட்கவைக்கலாம். ஒரு கைத்தொலைபேசியும் ஒரு சிறு ஒலிபெருக்கியும் போதும். பழைய கசெட்டுகளும் கொப்பிகளும் நமது ஈரத்தில் நிலைக்காதவை. அவற்றைப் பிரதியெடுத்து ஒரு பிரதியைத் தோட்டப் பாடசாலையிலும் இன்னொன்றை ‘நூலகம்’ என்ற பெயருடைய இணையத் திட்டம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகத்திலும் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் வைப்பது கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு: 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது, மனிதரோடு அவர்கள் வைத்திருந்த எல்லாமும் போய்விட்டன. எந்தக் காம்பராவைத் தெரிவுசெய்தாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பார்க்காமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது.

திறந்திருக்கும் நேரம் அற்பமான விடயம்போலத் தோன்றும். ஆனால் யாருக்காக அந்த இடம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வார நாட்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை திறந்திருக்கும் நூதனசாலைக்குக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியும் வர முடியாது. மாலை ஐந்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் திறக்க வேண்டும். கதவைத் திறந்து வழிகாட்டுபவர் அதே லயத்து இளைஞராகவோ யுவதியாகவோ இருந்து அதற்குச் சம்பளம் பெற வேண்டும். தப்புப் பழக்கும் மாஸ்டருக்கும் மரியாதையோடு கூலி உண்டு. கண்ணாடிக்குள் ஒரு பழைய தப்பு இருக்கலாம். அதற்குப் பக்கத்தில் பிள்ளைகள் எடுத்து அடிக்க நான்கு புதிய தப்புகளும், தோலைக் காய்ச்சுவதற்கு வெளியே ஒரு நெருப்பிடமும் இருந்தாக வேண்டும்.

இவை எதுவும் தொடங்குவதற்கு முன் எழுத்தில் ஒரு உடன்படிக்கை தேவை. தோட்ட நிர்வாகம், பிரதேச செயலகம், மாஸ்டரின் குடும்பம், லயத்தில் வாழ்பவர்கள் தெரிவுசெய்த இருவர் ஆகியோர் அதில் கையெழுத்திட வேண்டும். அந்தக் குடும்பத்தில் இனி யாரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டாலும், நிர்வாகம் வேறு கம்பனிக்கு மாறினாலும், காம்பராவும் இஸ்தோப்பும் பொட்டலும் திரும்பப் பெறப்பட மாட்டா என்ற வாசகம் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.